இருபத்திரண்டாம் நாள் டீ

டாக்டர் மிரட்டியதால், ஒரு மாதம் சர்க்கரையில்லாத டீதான் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து கேன்டீனுக்குப் போனேன்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு ஸ்பூன் போடுங்க.”

டீ போடுபவர் சர்க்கரை டப்பாவை மூடினார்.

“ஏம்மா என் தலையில கல்லைப் போடுறே? உன்னைக் காட்டித்தான் என் வீட்டுக்காரியை அடக்கி வெச்சிருக்கேன். அவளுக்கு சுகர் முந்நூறு. ‘அந்தப் பொண்ணு இன்னிக்கு எப்படிக் குடிச்சா?’ன்னு தினமும் கேட்கிறா.”

“பொய் சொல்லிடுங்க.”

“அவகிட்டயா? என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா.”

என் உடம்புக்காக வராத பிடிவாதம், முகம் தெரியாத ஒருத்திக்காக வந்தது. அது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கொடுத்த சர்க்கரையில்லாத டீயை நின்றபடியே குடித்து முடித்தேன்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“கேவலமா இருக்குண்ணே.”

“அதையும் சொல்லிடறேன். அவளுக்கு ஆறுதலா இருக்கும்.”