ஓரத்தில் எழுதிய திருத்தம்

என் வீட்டுக்காரர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவர். அவர் இறந்து நான்கு மாதம் கழித்து, வீட்டை என் பெயருக்கு மாற்ற அதே அலுவலகத்துக்குப் போனேன். கணினியில் தேடிய பெண் இரண்டு முறை தேடிவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கிறது பன்னிரண்டாம் மனை. நீங்க குடியிருக்கிறது இருபத்தொண்ணு. அது பழைய ஓனர் பேர்லயேதான் இருந்திருக்கு. போன மாசம் அவர் மகன் வித்துட்டார்."

பன்னிரண்டாம் மனையில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

பத்திரம் எழுதும்போதே நேர்ந்த பிழை அது. மறுநாளே எங்களுக்கு மனையை விற்றவரும் இவரும் போய், பதிவுப் புத்தகத்தின் ஓரத்தில் '12 என்பதை 21 என்று படிக்கவும்' என எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போதைய அதிகாரி முத்திரையும் வைத்தார். தனியாக ஒரு திருத்தப் பத்திரம் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"அட போடி. புத்தகம் என் கையிலதானே இருக்கு? அதுக்கென்ன கால் முளைச்சு நடந்தா போயிடப் போகுது?"

முளைத்தது. எல்லாப் புத்தகங்களையும் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. ஓரத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யவா என்று ஒப்பந்தக்காரர் இவரைத்தான் கேட்டார். சேர்த்தால் எழுத்து பொடியாகிவிடும். ஒரு நாளைக்கு அறுநூறு பக்கம் முடித்தாக வேண்டும். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். அன்று சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். "ஓரம் பூரா கோழி கிளறின எழுத்து. அதை ஏத்தினா மெஷினுக்கே தலைவலி வந்துடும்."

நானும் சிரித்தேன். எங்கள் வீடு அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்று இருவருக்குமே தோன்றவில்லை. புத்தகங்கள் காகித ஆலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

விற்றவரின் மகனைப் போய்ப் பார்த்தேன். "எங்கப்பா இருந்தா கேட்டிருக்கலாம் அக்கா. கம்ப்யூட்டர்ல எங்க பேர் இருக்கு. நான் என்ன திருடியா வித்தேன்?" என்றவன், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். வாங்கியவர் முதல் தேதிக்குள் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். புதிய அதிகாரி சின்ன வயதுக்காரர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"ஒரே வழிதாம்மா. ஸ்கேன்ல தப்பு நடந்துருக்குன்னு புகார் கொடுங்க. யாரால நடந்ததுன்னு பேர் இருந்தாத்தான் மேல போகும். ஓரத்தை விடச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்றால் வீடு போய்விடும். பேனாவை வாங்கி, அவர் பெயரை எழுதினேன். முதலெழுத்து விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்த்தேன்.

அதிகாரி படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அம்மா, இது..."

"ஆமா தம்பி. அவரேதான்."

தட்டச்சு செய்தார். திரும்பத் திரும்பச் செய்தார்.

"எடுக்க மாட்டேங்குதும்மா. சம்பந்தப்பட்டவர் விளக்கம் கொடுத்தாத்தான் அடுத்த பக்கம் திறக்கும்." குரலைத் தாழ்த்தினார். "உயிரோட இருக்கிறவங்க வேற யாராச்சும் அன்னைக்கு அந்த வேலையில இருந்தாங்களா?"

இருந்தார்கள். அவரோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், அவரைத் தூக்கிப் போக வந்தவர்கள்.

"யாரும் இல்லை" என்றேன்.

வீடு திரும்பியபோது வாங்கியவரின் ஆள் ஒருவர் அளவு நாடாவோடு நின்றிருந்தார். சமையலறையை அளக்க வேண்டுமாம். கூட வரவேண்டியவர் வரவில்லை என்றார். "இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்கம்மா."

பிடித்துக்கொண்டேன்.