கைத்தொழில் பாடம்

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வராண்டாம்ணு சாரு சொன்னாவம்மா" என்றாள் செல்லபாய்.

கத்தரிக்காய்க் கூடையைத் தலைக்கு ஏற்றப் போன சொர்ணம்மாள் அதை அப்படியே கீழே இறக்கி வைத்தாள். வடசேரிச் சந்தைக்குப் போகும் முதல் பஸ் வரும் நேரம்.

"ஏன் வராண்டாம்? பள்ளிக்கூடத்தைப் பூட்டியாச்சா?"

"இன்ஸ்பெக்டர் வாராராம். தரையில இருந்து படிக்க பிள்ளைய ஒருத்தரும் வரப்பிடாதாம். நான் மட்டும் காலத்த போயி முத்தம் தூத்துப் போட்டுட்டு வந்துரணுமாம்."

"எந்த முத்தம்?"

"சாருக்க வீட்டு முத்தம்."

ஹெட்மாஸ்டர் வீட்டு முற்றத்தைப் பெருக்குவது அம்மாவுக்குத் தெரியாத விஷயம். சொன்ன பிறகுதான் பிள்ளை நாக்கைக் கடித்தது. சுவர்க் கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டிருந்த வைகுண்டராஜன் திரும்பவே இல்லை. புருஷன் திரும்பாவிட்டால் அவனுக்கு விஷயம் முன்னமே தெரியும் என்று அர்த்தம். சொர்ணம்மாள் அவனோடு குடித்தனம் நடத்திப் படித்த பாடம் அது.

"எத்தனை நாளாட்டி நடக்கு இது?"

"ரெண்டாங் கிளாஸிலேருந்து. முத்தம் தூத்து, தொழுவத்துல சாணி வாரி, தென்னைக்குத் தண்ணி விட்டுட்டுப் போவேன். அதுக்குள்ள அங்க பாடம் முடிஞ்சிருக்கும்."

செல்லபாய் இப்போது நாலாம் வகுப்பு. சொர்ணம்மாள் வெற்றிலை பொதிந்திருந்த பத்திரிகைத் தாளை உருவி நீட்டினாள். "இதை வாசி."

பிள்ளை தாளைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. அந்த மட்டும் சர்க்காருக்கு நன்றி சொல்லலாம். விரலை வைத்துத் தேடி ஒரு 'அ'வைக் கண்டுபிடித்தாள். அதற்குமேல் அவளுக்கு வழி தெரியவில்லை. விரல் அங்கேயே நின்றது.

"போட்டும் விடு" என்றான் வைகுண்டராஜன் கண்ணாடியிடம். "சாரு வருஷா வருஷம் பாஸாக்கி விடுகாருல்லா? பகைச்சா பெயிலாக்கிப் போடுவாரு. பொட்டப்பிள்ளை படிச்சு தாசில்தாராவா ஆகப் போறா?"

"எழுத்து தெரியாத பிள்ளையைப் பாஸாக்குகது, சொத்தைக் காயில எண்ணெய் தேச்சு மினுக்கி விக்கது. அந்த வித்தையை எனக்குச் சொல்லித் தராதீங்க. அதை வச்சுத்தான் இந்த வீட்டுல உலை கொதிக்கு."

அவளுக்குத் தன்மேல்தான் அதிக ஆத்திரம். சுதந்திரம் வந்த வருஷம் மேடை போட்டு, இனி சர்க்கார் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று பேசினார்கள். நம்பினாள். முழுக்க நம்பாமல், வியாபாரி புத்தியில், வெள்ளிக்கிழமைதோறும் சந்தையிலிருந்து திரும்புகையில் ஹெட்மாஸ்டர் கணபதியப்பன் வீட்டு நடையில் ஒரு சீப்பு ரசகதலியும் வைத்து வந்தாள். கொசுறு போட்டால் சந்தையில் ஆள் நம் பக்கம் சாய்வான். இந்த ஆள் பழத்தையும் தின்று, பழம் கொடுத்தவளின் பிள்ளையைத் தோலையும் பெருக்க வைத்திருக்கிறார்.

"எழும்பிட்டி. நல்ல பாவாடையை உடு."

"சந்தை?" என்றான் வைகுண்டராஜன்.

"காய் வாடினா வாடட்டும்."

பள்ளிக்கூடத்தில் இரண்டே பெஞ்சு. பெரிய வீட்டுப் பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்பெஞ்சின் நடுவில் ஹெட்மாஸ்டரின் மகள் அழகியநாயகி. மற்றப் பிள்ளைகள் குந்தும் தரையைக் கழுவிவிட்டு, அங்கே இன்ஸ்பெக்டருக்கு இளநீர் சீவி அடுக்கியிருந்தார்கள். சொர்ணம்மாளுக்கு ஒரு பார்வை போதும். கூடையின் மேல்வரிசைக் காயை மட்டும் காட்டி மொத்தக் கூடையையும் விற்கிற யாவாரம்.

கணபதியப்பன் வாசலுக்கு ஓடி வந்தார். "சொர்ணம், இன்னைக்கு இவளை என்னத்துக்குக் கூட்டிட்டு வந்த? போ, போ, பொறவு பேசுவோம்."

"யாரம்மா அது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் இன்ஸ்பெக்டர். கதர்ச் சட்டை, கையில் இளநீர்.

"இங்க படிக்க பிள்ளைக்க அம்மை ஐயா. எனக்க மவ என்ன படிச்சிருக்காண்ணு ஐயா வாயாலேயே கேளுங்க."

நல்ல மனிதர். குனிந்து கேட்டார்: "பயப்படாமல் சொல்லு குழந்தை. பள்ளிக்கூடத்தில் என்ன கற்றுக்கொண்டாய்?"

செல்லபாய் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சாருக்க வீட்டு முத்தம் தூத்துப் போடுவேன். சாணி கரைச்சுத் தெளிப்பேன்."

முன்பெஞ்சு சிரித்தது. கணபதியப்பனின் முகம் ஒரு கணம்தான் வெளிறியது.

"கைத்தொழில் சார்!" என்றார். "ஆதாரக் கல்வி! பிள்ளைகள் கையால வேலை செஞ்சு படிக்கணும்ணு மேலிடத்து உத்தரவு இருக்குல்லா? அதான் தொடங்கிட்டேன்."

"பலே!" இன்ஸ்பெக்டர் மலர்ந்தார். "இந்தத் தாலூகாவில் ஒருவரும் தொடங்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!"

அவருக்கும் விஷயம் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டால் இளநீர் தொண்டையில் இறங்காது, ஆகவே புரிந்துகொள்ளவில்லை.

"நல்ல பாடந்தான் ஐயா" என்றாள் சொர்ணம்மாள், சந்தையில் பேரம் பேசும் அதே இனிப்போடு. "அப்போ பெஞ்சில இருக்க பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுக்கணும்லா? நாளைக்கு சாருக்க மவளை எங்க வீட்டுக்கு விடச் சொல்லுங்க. எங்க முத்தம் ரொம்பச் சின்னது. சட்டுனு பாஸாயிருவா."

சிரிப்பு நின்றது. "ஏ, மரியாதையாப் பேசு!" என்று கணபதியப்பன் உறுமினார். இன்ஸ்பெக்டருக்கு அடுத்த பள்ளிக்கூடத்தின் ஞாபகம் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, சரி. இங்கே எல்லாரும் சமம். குழந்தை உட்காரட்டும்."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. வாயிலிருந்து விலை விழுந்த உடனே சரக்கைக் கைமாற்றிவிட வேண்டும். யோசிக்க விட்டால் வியாபாரம் கெட்டுப்போகும். சொர்ணம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்த்தினாள்.

அழகியநாயகி எழுந்தாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பிறகு அந்தப் பெஞ்சே எழுந்தது. யாரும் சொல்லவில்லை. இந்தப் பாடத்தை அவர்களுக்கு யாரும் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. கணபதியப்பன் உட்காரச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக ஆரல்வாய்மொழி மலையின் அழகைப் பார்த்தார்.

நீளப் பெஞ்சில் செல்லபாய் தனியாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நிமிந்து நல்லா இரி மக்கா" என்றாள் சொர்ணம்மாள். "இடம் தாராளமாக் கெடக்கு."

பிறகு ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். "பிள்ளை வந்தாச்சு சாரே. பாடம் நடத்துங்க."

வாசல்படியின் நடுவில் போய் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் வெளியே போவதானால் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.