மிஷின் அரிசி

அரக்கோணத்தில் வேலை முடிந்து, திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்த துரைக்கண்ணுவின் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. அவன் மனைவி கௌரியம்மாள்தான் அதைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்க பாவா?"

அவள் அவனுக்கு அத்தை மகள். கல்யாணத்துக்குப் பிறகும் பாவா என்றே கூப்பிட்டு வந்தாள். அவன் குனிந்து பார்த்தான். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. கொஞ்ச நாளாகப் பாதத்தில் ஊசி குத்துகிறது என்று ஓரிடத்தில் உட்காராமல் வாசலுக்கும் புழக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தான். இப்போது அந்தக் குத்தலும் இல்லை. அவனுக்கு வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை. தண்டவாளங்களுக்கு நடுவில் கால் இருப்பதே தெரியாமல் எப்படி நடப்பது?

மறுநாள் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். மூன்று வேளையும் சோறு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். உலகச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் ஊரே அரிசிக்குத் தவித்தபோது, ரயில்வேக்காரர்களின் கடையில் அவனுக்குப் பளபளவென்று தீட்டிய மிஷின் அரிசி கிடைத்தது. டாக்டர் அதைத்தான் விடச் சொன்னார். சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறதாம், அதனால்தான் கால் மரத்துப்போகிறதாம். கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, பயறு, கீரை சாப்பிட வேண்டும். கஞ்சியை வடித்துக் கொட்டக்கூடாது.

கௌரியம்மாள் அரிசியில் பெரும்பகுதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துக் கேழ்வரகு வாங்கினாள். அன்று சாயங்காலம் தட்டில் களியும் முருங்கைக்கீரையும் இருந்தன. அந்த வாசனை அவனைப் பிறந்த ஊரான கே.ஜி.கண்டிகைக்கு இழுத்துப்போனது. கூலி வேலைக்குப் போன வீட்டில், மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று அவன் நைனா உள்ளங்கையில் வாங்கித் தின்றது இந்தக் களிதான்.

"இத்த துன்னவா நான் ரயில்வேல சேந்தேன்?"

"டாக்டரு சொன்னாருல்ல."

"சொல்வாரு. அவரு நைனா கையேந்திகினு நின்னாரா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மறுநாள் காலையிலும் சாப்பிடாமலே ரயிலேறினான்.

மதியம் அரக்கோணத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தான். இலையில் வெள்ளைச் சோறு விழுந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"அண்ணே, கைய எடுங்க. ஆவி பறக்குது," என்றான் பரிமாறுகிறவன்.

துரைக்கண்ணு கையை எடுத்துப் பார்த்தான். விரல்கள் சிவந்திருந்தன. பச்சைத் தண்ணீரில் விட்ட மாதிரிதான் இருந்தது அவனுக்கு. சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான். வேலை முடிந்து வண்டி வரும்வரை பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தான்.

வீட்டில் கௌரியம்மாள் தனியாகக் களி தின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழப்போனாள்.

"உக்காரு. எனக்கும் போடு."

"கொஞ்சம் அரிசி வச்சிருக்கேன். சோறு ஆக்கட்டுமா?"

"வேணாம்."

களியைப் பிட்டான். உடனே வாயில் போடாமல் விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சூடா கீதா?"

அவள் அவன் முகத்தையும் கையையும் பார்த்தாள்.

"ஆங். சூடாத்தான் கீது."

தலையாட்டிவிட்டு ஊதினான். கீரையில் தோய்த்து விழுங்கினான். தொண்டையில் நின்று மெல்ல இறங்கியது. அடுத்ததைப் பிட்டான்.

கஞ்சித்தண்ணிக்குப் பழகிய பக்கத்து வீட்டு எருமை, புழக்கடைக் கதவுக்குள் தலையை நீட்டியது. வெளியே தொட்டி காய்ந்து கிடந்தது. இருவரும் எழவில்லை. அதுவும் போகவில்லை. மூச்சு விட்டபடி அங்கேயே நின்றது.