ரகசிய நோயாளி

மெடலுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கல்லூரியில் ஏழு மெடல் வாங்கியவன். நெஞ்சில் குழாயை வைத்தால் போதும், எந்த வால்வு ஒழுகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் அவன் காதில் ஏறாது. குடும்ப மருத்துவர் ஆவதற்குப் பயிற்சிக்கு வந்தவனுக்கு இது சமையல்காரனுக்கு நிரந்தர மூக்கடைப்பு இருப்பதைப் போன்ற குறை.

போன தேர்வில் நோயைக் கண்டுபிடிப்பதில் முழு மார்க். நோயாளியிடம் பேசுவதில் பதினெட்டுக்கு ஆறு. இந்த முறையும் கோட்டை விட்டால் ஆறு மாதப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவும் தனக்குப் பின்னால் வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. ஏழு மெடல் தொங்கிய கழுத்து தாங்குமா?

பேசுவதற்கு எதற்குப் பதினெட்டு மார்க் என்று கேட்கக் கூடாது. பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் அன்பைப் பதினெட்டுத் துண்டாக நறுக்கி, அச்சடித்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். முதலாவது, தொடக்கத்தில் ஒரு நிமிடம் குறுக்கே பேசக் கூடாது. நான்காவது, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது, குறைந்தது ஒரு ஆறுதல் வாக்கியம். மெடல் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தான்: "உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது." காதில் அழுக்கு எடுக்க வந்தவரிடமும் அதைச் சொல்லி, அவர் பயந்து போயிருக்கிறார்.

இந்த முறை மேடம் புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த வாரம் உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு ரகசிய நோயாளி வருவாங்க. நடிக்கப் பயிற்சி எடுத்தவங்க. ஆணா பொண்ணா, என்ன வியாதின்னு சொல்ல மாட்டேன். மார்க் போடப் போறது நான் இல்ல, அவங்கதான்."

அவ்வளவுதான். அந்த வாரம் கிளினிக்கில் அன்பு கரைபுரண்டு ஓடியது. எவர் உள்ளே வந்தாலும் இளம் டாக்டர்கள் எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள். லீவுக்குச் சர்டிபிகேட் வாங்க வந்த ஒருவரை இருபது நிமிடம் உட்கார வைத்து, உங்கள் மனதில் என்ன பயம் என்று துருவியதில், மனிதர் சர்டிபிகேட்டே வேண்டாமென்று வேலைக்குப் போய்விட்டார். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கும் ஒரு அம்மா வெளியே வந்து நர்சின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு சிஸ்டர், எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? எல்லாரும் இவ்வளவு அன்பாப் பேசுறாங்களே!"

மெடல் இப்படி எல்லோருக்கும் வாரி இறைக்கிற ஆள் இல்லை. நடிகரைக் கண்டுபிடித்து அவருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டான். நிஜ நோயாளி பழைய மாத்திரை அட்டைகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவார், கூடவே யாரையாவது கூட்டி வருவார், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மச்சினன் கதையைச் சொல்வார். நடிகர் வெறுங்கையோடு வந்து வரிசையாகப் பேசுவார். இந்த ஆராய்ச்சிக்கு எட்டாவது மெடலே கொடுத்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை அப்படி ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வெறும் கை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். முட்டி வலி என்றார். மெடல் முட்டியை அமுக்கிப் பார்த்தான், மருந்து எழுதினான். டிரைவர் எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்து, திரும்பினார்.

"இன்னொன்னு டாக்டர்... சொல்லலாமா வேணாமான்னு தெரியல."

மெடலுக்கு உச்சி குளிர்ந்தது. நோயாளி நிஜமான கஷ்டத்தைக் கிளம்பும்போதுதான் சொல்வார் என்று பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இருப்பது அப்படியே நடந்தால் அது நடிப்பாகத்தானே இருக்க வேண்டும்! நிஜ நோயாளி எவர் பாடப் புத்தகத்தை மதித்திருக்கிறார்?

"உக்காருங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்." திரையைச் சுவர் பக்கம் திருப்பியே வைத்துவிட்டான். நான்காவது மார்க் கையில்.

டிரைவர் மெல்லச் சொன்னார். "ரிட்டயர் ஆகி எட்டு மாசமாச்சு. விடியறதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துடுது. எழுந்து எங்க போறது? சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. நேத்து ரோட்டக் கடக்கும்போது பஸ் வந்துச்சு. ஒதுங்கணும்னு தோணவே இல்ல, அப்படியே நின்னுட்டேன். ஓட்டுனவன் நல்லவன், பிரேக் போட்டுட்டான்."

மெடல் எண்ணி மூன்று விநாடி மௌனம் காத்தான். ஆறுதல் வாக்கியத்தை விட்டான். குரலை இறக்கி, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்டான். பதினைந்தாவது மார்க். டிரைவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது. என்ன திறமை, எங்கே பிடித்தார் மேடம் இவரை என்று வியந்துகொண்டே மெடல் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினான்.

பதினெட்டில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. நடிகரும் மனிதர்தானே, ஒரு வார்த்தை பாராட்டினால் என்ன? முன்னால் சாய்ந்து கண்ணடித்தான்.

"பிரமாதமா நடிச்சீங்க சார். அந்த அழுகை ஒண்ணு போதும். மார்க்க மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"வீட்டுலயும் இதத்தான் டாக்டர் சொல்றாங்க. நடிக்கிறேன்னு."

எழுந்து போய்விட்டார். கடைசி வரை வேஷத்தைக் கலைக்கவில்லையே என்று மெடல் மெச்சினான். குறிப்பு எழுதுவதற்காகத் திரையைத் தன் பக்கம் திருப்பினான். நான்காவது மார்க்குக்காக அதுவரை திறக்காத பதினான்கு வருடக் கோப்பு விரிந்தது. முட்டி எக்ஸ்ரே, டிரைவர்களுக்கான கண் பரிசோதனை, ஒரு குடலிறக்க ஆபரேஷன். எந்த நடிகரும் பதினான்கு வருடம் ஒத்திகை பார்ப்பதில்லை.

அவன் ஓடினான். வாசலில் இருமிக்கொண்டு உள்ளே நுழைந்த ஒரு பெண்மணியை இடித்துத் தள்ளாத குறைதான். "வணக்கம் டாக்டர்" என்று அவர் சொன்னது காற்றில் போனது. அவர்தான் அந்த ரகசிய நோயாளி என்பதும், பதினெட்டுக்குப் பூஜ்யம் போட்டு, 'டாக்டர் என்னைக் கண்டதும் ஓடிவிட்டார்' என்று எழுதியிருந்ததும் மறுநாள் தெரிந்தது. ஆறு மாதம் போனது போனதுதான்.

டிரைவர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. மெடல் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தான்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு. வேற எங்க?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான்: நடிகர், மார்க், பதினெட்டு, தன் புத்திசாலித்தனம். டிரைவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை.

"அப்போ உள்ள நடிச்சது நீங்க."

"ஆமா."

"நல்லா நடிச்சீங்க தம்பி. நான் நம்பிட்டேன்."

மெடலுக்கு வாழ்க்கையில் இப்படி அவமானம் நேர்ந்ததில்லை. வாயைத் திறந்தான், மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டான். பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"எனக்கு இப்போ என்ன பேசறதுன்னு தெரியல ஐயா. உங்களத் தனியா விடப் பயமா இருக்கு. திரும்பி வாங்க. வீட்ல யாரையாவது கூப்பிடுவோம்."

"டாக்டருக்கே பயமா?"

"உங்க கைய விடவே முடியல பாருங்க."

டிரைவர் பார்த்தார். பிடி தளரவே இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

நர்ஸ் போன் செய்து ஒரு மணி நேரத்தில் அவர் மனைவி வந்தார். வரும்போதே எரிச்சல். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? வீட்ல ஒரு வேலை செய்யச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. எல்லாம் நடிப்பு டாக்டர்."

டிரைவர் தரையைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க தம்பி," என்றார் மெடலிடம். "நான் சொன்னா எடுபடாது."

"அவர் நடிக்கலம்மா," என்றான் மெடல். "நானும் அப்படித்தான் நெனச்சேன். இது வியாதி. மருந்து இருக்கு, குணமாகும். ஆனா நேத்து பஸ் முன்னால நின்னிருக்காரு. ஒதுங்கணும்னே தோணலையாம்."

அந்த அம்மா கணவனைப் பார்த்தார். கைப்பை மடியிலிருந்து நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"ஏங்க," என்றார், எரிச்சல் போன குரலில். "எந்த ரோட்ல?"