மாடி எண் உட்பட

மசோதா எழுதும் பிரிவில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அவள் கையில் சிக்கிய சட்டத்தில் ஒரு பொய்யும் நழுவாதாம். சல்லடை முழுக்க ஓட்டைதான் என்று பெயர் வைத்தவர்களுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

தேர்தலில் யாருக்கு யார் நன்கொடை கொடுத்தார்கள் என்று ஊரறியச் சொல்லும் சட்டம் பல வருடமாகக் கிடப்பில் கிடந்தது. ஆளுங்கட்சியே அதைத் தூசி தட்டி எடுத்தபோது, ஏன் இப்போது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். மாறாகத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மசோதாக் குழுவின் தலைவர், ஆளுங்கட்சிக்காரர், தேனாகப் பேசினார். "வெளிப்படைன்னா முழுசா இருக்கணும்மா. கொடுத்தவங்க வீட்டு விலாசமும் வரட்டும். போன தேர்தல்ல இருந்தே."

"பொய் விலாசம் கொடுப்பாங்களே சார்" என்றவள், தானாகவே 'மாடி எண் உட்பட' என்று சேர்த்தாள்.

"கம்பெனிகளுக்கும் இதுதானே சார்?" என்றும் கேட்டாள்.

"அதை அடுத்த திருத்தத்துல பாத்துக்கலாம்மா."

ஒன்றுமில்லாததற்கு இதுவாவது என்று தலையாட்டினாள். போன தேர்தலில் ஆளுங்கட்சியை எதிர்த்து நின்று தோற்ற வாத்தியாருக்குத் தன் கணவன் கொஞ்சம் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது என்று பெருமைகூடப் பட்டாள், பைத்தியக்காரி.

மசோதாவைக் கடைசியில் ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் ஒப்பிடுவது அந்தப் பிரிவின் வழக்கம். காற்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்வார்கள். காது பிழையைத் தேடும், அர்த்தம் பக்கத்தில் வந்து நின்றாலும் கவனிக்காது. "மாடி எண் உட்பட, முற்றுப்புள்ளி" என்று கணீரென வாசித்தாள். சபையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்பது விதி, அதனால் கணவனிடம் மூச்சு விடவில்லை.

பெயர்கள் வெளியாயின. வாத்தியாருக்குக் கொடுத்த தையல்காரரின் கடையில் முதலில் மின்சாரம் போனது. பிறகு அவரே ஊரைவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம், வீட்டுக்குக் கீழேயே இருந்த கணவனின் மருந்துக்கடைக்கு ஒருவன் வந்தான். அவளும் கல்லாவில் இருந்தாள்.

"இருமலுக்கு ஏதாவது கொடுங்கண்ணே."

அவன் ஒருமுறைகூட இருமவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "மூணாவது மாடிதானே? பொண்ணு ஸ்கூல் விட்டுத் தனியாத்தான் வருது போல."

"யாருங்க நீங்க?" என்றான் கணவன்.

"யாரா இருந்தா என்னண்ணே. அடுத்த தடவை யாருக்குக் கொடுக்கறதுன்னு யோசிச்சுக் கொடுங்க."

அவன் படியிறங்கினான். கணவன் அவள் பக்கம் திரும்பினான். "சட்டம்னு சொல்லி படிவம் அனுப்பினாங்க, நானும் மாடி வரைக்கும் எழுதிக் கொடுத்தேன். எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ, அவன் நல்லா இருப்பானா?"

அவள் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். மாடியில் மகள் விளக்கைப் போட்டாள். போனவன் தெருவின் நடுவில் நின்று, நிமிர்ந்து பார்த்தான்.