மூன்று வீட்டுக்கு ஓர் அடுப்பு

"அடுப்பு மூணு எரியுது. குளிர் ஒண்ணுதானேக்கா?" என்றாள் கென்ஜே.

தெருக்குழாயடியில் நின்றிருந்தோம். சிந்திய தண்ணீரெல்லாம் உறைந்து குழாயைச் சுற்றி மேடு கட்டியிருந்தது. வாளி வழுக்கிக்கொண்டு போய்விடாமல் காலால் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"ஒரு சாயங்காலம் உங்க வீட்ல மட்டும் எரியட்டும். நாங்க நாலு பேரும் அங்க வந்துடறோம். பெய்ஷென் அண்ணனும் ஜூரா அண்ணியும் வரட்டும். மறுநாள் அவங்க வீடு. அதுக்கு மறுநாள் எங்க வீடு. படுக்கப் போறப்ப அவங்கவங்க வீட்ல ரெண்டு வறட்டியப் போட்டு, கம்பளிக்குள்ள புகுந்துட்டா விடிஞ்சிடும். தெனமும் ரெண்டு வீட்டுக் கரி மிச்சம்."

"எசென் என்ன சொல்றான்?"

"அவரு புல்ல வித்துக் கரி வாங்கலாம்ங்கறாரு."

அதைச் சொல்லிவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அவள் புருஷன் எசென் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தவன். இலையுதிர் காலத்தில் அவன் பெயரையும் அங்கத்து அதிகாரிகள் ஏதோ தடைப் பட்டியலில் ஏற்றி, இனி சில வருஷங்களுக்கு இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் அவர்கள் வீட்டு வாசலில் கரி லாரி நிற்கவில்லை. போன வருஷத்துக் கரி கொஞ்சம் போக, கொல்லையில் இருந்ததெல்லாம் ஒரு மாடும் ஒரு புல் போரும்தான். அந்தப் புல்லை ஜூலை வெயிலில் கென்ஜேவும் அவளுடைய இரண்டு பெண்களும் மலைச்சரிவில் அறுத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள்.

"புல் போனா மாடு போயிடும்க்கா. கஷ்கா மார்ச் கடைசியில கன்னு போடும். அது வரைக்கும் அவ வயிறு நிறையணும். அவளும் போயிட்டா பால் இல்ல, சந்தைக்குக் கொண்டுபோக வெண்ணெய் இல்ல. அப்புறம் எங்ககிட்ட என்ன இருக்கு? நாலு கம்பளியும் ஒரு பூட்டும்."

நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள மாடு அது. அதனால்தான் கஷ்கா.

அந்த வீட்டில் இனி குறைக்க எதுவும் பாக்கியில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு அறைகளைப் பூட்டி, கதவிடுக்கில் கந்தலைத் திணித்துவிட்டு, நாலு பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். தேயிலையைக் கொதிக்கவிட்டு, அடுப்போரம் காயவைத்து, மறுபடி கொதிக்கவிடுவார்கள். மூத்தவளுக்குக் காலைப் பள்ளி, இளையவளுக்கு மதியப் பள்ளி, இருவருக்கும் ஒரே ஜோடி பூட்ஸ். அக்கா வந்து கழற்றியதும் அதன் சூடு ஆறுவதற்குள் தங்கை மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

"சரி. நாளைக்கு என் வீட்லயே ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"அக்கா, நெருப்புக்காக மட்டும்தான் வர்றோம். வேற எதுவும் வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா?"

தப்பு என்னிடம்தான் ஆரம்பித்தது.

மறுநாள் மூன்று மணிக்கே அடுப்பை மூட்டிவிட்டேன். விரிப்பைப் போட்டு நடுவில் ஒரு ரொட்டியை வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால், ஏதோ செத்த வீட்டில் மிச்சம் விழுந்தது போல இருந்தது. ஆறு பேர் என் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரப்போகிறார்கள். நெருப்புக்கு வந்தால் என்ன, வேறு எதற்கு வந்தால் என்ன, வீட்டுக்குள் வந்தவர்கள் வந்தவர்கள்தானே. ஒரு கை மாவு என்றுதான் எடுத்தேன். பிசைந்து, திரட்டி, சின்னச் சின்னதாக வெட்டி, எண்ணெயில் பொரித்தெடுத்தேன். போர்சோக்கைக் கொஞ்சமாகப் போடுவது எப்படி என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அதை விரிப்பில் குவித்தால்தான் போட்டதாக அர்த்தம்.

கென்ஜே கதவைத் திறந்ததுமே எண்ணெய் வாசனை பிடித்துவிட்டாள்.

"நாம என்னக்கா பேசினோம்?"

"ஒரு கை மாவுடி."

"யார் கை? பெய்ஷென் அண்ணன் கையா?"

பெய்ஷென் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர். உள்ளங்கை விசிறி அளவுக்கு இருக்கும். அவர் வந்ததும் வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் போய்ச் சம்மணமிட்டார். "ரக்கியா அக்கா வீடுன்னா வீடுதான்" என்று ஒரு பிடி அள்ளினார். அவர் மனைவி ஜூரா குவியலைப் பார்த்தாள். நாளை தன் முறை என்று அவள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் ஜூரா வீட்டில் மூன்று வகை ஜாம். போதாததற்குக் கோழி அடித்து நூடுல்ஸ் குழம்பு. சமையல் பக்கம் நான் எட்டிப் பார்த்தபோது ஜூரா பாத்திரத்தை ஓசையோடு இறக்கினாள்.

"முட்டை போட்டுக்கிட்டிருந்த கோழிக்கா. நான் சொன்னேன், ஜாம் போதும்னு. 'ரக்கியா அக்கா தனிக்கட்டை. அவங்களே பொரிச்சுக் குவிச்சாங்க, நாம வெறுமே தொட்டுக்க வைக்கிறதா'ங்கறாரு."

"என்னச் சொல்லணும்."

"உங்களச் சொல்லி என்ன. இவருக்கு வாய் இருக்கே."

மூன்றாம் நாள் கென்ஜே வீடு. ரொட்டியும் கஷ்காவின் பாலில் எடுத்த ஏடும் வைத்தாள். ஏடு இருந்ததால் மானம் தப்பியது. ஆனால் அன்று முழுக்க எசென் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தேநீர் ஊற்றும்போதெல்லாம் "குடிங்கண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் சுற்றில் என் முறை வந்தபோது, வசந்தப் பண்டிகைக்கென்று தொங்கவிட்டிருந்த உப்புக்கறியை இறக்கிக் கொழுக்கட்டை அவித்தேன். கோழி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்ற ஒரே எண்ணம். ஆவியில் அவிக்க நேரமாகும், அடுப்பில் கரி தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு வீட்டுக் கரியை மிச்சம் பிடிக்கப் போய், அந்தக் கரியையும் சேர்த்து ஒரே அடுப்பில் எரித்தோம். அடுத்த நாள் ஜூரா வீட்டில் ஆட்டுக்கறி. யாரிடமோ கடனாக வாங்கியது.

அதற்கு அடுத்த நாள் கென்ஜேயின் முறை. ஏட்டுக்கும் வழியில்லை. கன்று வயிற்றில் பெருத்ததால் கஷ்காவின் பால் வற்றத் தொடங்கியிருந்தது.

அன்று மத்தியானம் அவளிடம் வாங்கியிருந்த வாணலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலில் டிராக்டர் ஒன்று நின்றது. பின்னால் கோர்த்த வண்டியில் ஓர் ஆடு கட்டியிருந்தது. அது வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, போரிலிருந்து புல்லை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. புல் வாரும் கவைக்கோலைப் பிடித்துக்கொண்டு கென்ஜே போருக்கு முன்னால் நின்றாள். டிராக்டர்க்காரப் பையன் ஜோல்தோஷ் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான்.

"எசென் அண்ணன் வரச் சொன்னாரு அண்ணி. பாதிப் போருக்கு ஓர் ஆடுன்னு பேச்சு."

"உன் ஆடு இப்பவே தன் பங்க எடுத்துக்கிட்டிருக்கு. முழுசாத் தின்னு முடிக்கிறதுக்குள்ள ஓட்டிட்டுப் போ."

"கென்ஜே, விலகு" என்றான் எசென். அவன் கொட்டகை வாசலில் சாய்ந்திருந்தான். குரல் உயரவில்லை.

"விலக மாட்டேன்."

"மூணு தடவ அடுத்தவங்க வீட்ல கறி தின்னிருக்கோம். இன்னிக்கு அவங்க வர்றப்ப காஞ்ச ரொட்டிய வைக்கப் போறியா? வெறுங்கையோட திரும்பி வந்ததுலேர்ந்து இந்தத் தெருவுல நான் நிமிர்ந்து நடக்கல. இன்னும் எவ்வளவு குனியணும்?"

"நீங்க குனிஞ்சா நிமிர்ந்துக்கலாங்க. அவ படுத்துட்டா எந்திரிக்க மாட்டா. போன வசந்தத்துல கீழத்தெருவுல பாத்தீங்கல்ல, புல் இல்லாம படுத்த மாட்ட நாலு பேரு வாலப் புடிச்சுத் தூக்கினாங்க. கஷ்காவத் தூக்க நாலு பேரக் கூப்பிடணும்னா, அவங்களுக்கு எத்தன ஆடு அறுப்பீங்க?"

எசென் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க பெரியவங்க. சொல்லுங்க."

வாணலியை வாசற்படியில் இறக்கி வைத்தேன்.

"மொத நாளே நான் மாவு பிசையாம இருந்திருக்கணும்டா தம்பி" என்றேன்.

ஆடு இன்னும் மென்றுகொண்டிருந்தது. ஜோல்தோஷ் கொஞ்ச நேரம் எசென் முகத்தைப் பார்த்தான். பிறகு ஆட்டின் கழுத்துக் கயிற்றை இழுத்துக் குறுக்கிக் கட்டிவிட்டு வண்டியில் ஏறினான். எசென் அவனைக் கூப்பிடவில்லை. டிராக்டர் தெருமுனை திரும்பியதும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கென்ஜே கவைக்கோலைச் சுவரில் சாய்த்தாள்.

"இப்ப சாயங்காலத்துக்கு என்னடி பண்ணப் போற?"

"தெரியலக்கா. ரொம்ப அசதியா இருக்கு."

பொழுது சாயும்போது நானும் ஜூராவும் பெய்ஷெனும் சேர்ந்துதான் போனோம். என் கோட்டுக்குள் எண்ணெய்ப் புட்டி இருந்தது. பெய்ஷென் வழியெல்லாம் குளிரைத் திட்டிக்கொண்டே வந்தார். கென்ஜே கதவைத் திறந்தாள், ஆனால் நிலையை விட்டு நகரவில்லை.

"அண்ணே, ஒரு வார்த்த. விருந்தாளியா வந்திருக்கீங்கன்னா, என்னால உள்ள கூப்பிட முடியாது. விருந்துக்கு ஒண்ணுமில்ல. இருந்ததும் இனிமே கஷ்காவோடது. குளிர் காய வந்திருக்கீங்கன்னா வாங்க. அடுப்பு நல்லா எரியுது."

பெய்ஷெனின் மீசையில் பனி பூத்திருந்தது. அவர் இந்தத் தெருவில் அறுபது வருஷமாக இருக்கிறார். வாசலில் வைத்து அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"அப்படியா" என்றார். "ஜூரா, வா. வீட்டுக்குப் போகலாம்."

"வீட்ல நெருப்பு இல்லியே" என்றாள் ஜூரா.

"மூட்டிக்கலாம்."

"எதப் போட்டு? பெரிய கட்டியெல்லாம் நேத்து உங்க ஆட்டுக்கறி வேகறதுக்கே போயிடுச்சு. இருக்கறது தூளு. அது புடிக்கறதுக்குள்ள நாம வெறைச்சுடுவோம்."

அவர் நின்றார். நாங்களும் நின்றோம். திறந்திருந்த கதவு வழியாக வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, உள்ள வர்றதோ போறதோ சீக்கிரம் பண்ணுங்க. கரி தெருவுக்கு எரியுது" என்றாள் கென்ஜே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூரா முக்காட்டுக்குள் வாயை மூடிக்கொண்டாள். பெய்ஷென் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளே போய் எதிர்ப்பக்கத்தில் உட்காரவில்லை. கதவோரம், இளையவர்கள் உட்காரும் இடத்தில் முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தார். அந்த இடத்தில் காற்று அடிக்கும். இருந்தும் அங்கேயேதான் உட்கார்ந்தார்.

கென்ஜே சின்ன விரிப்பைப் போட்டாள். நேற்றுச் சுட்ட ரொட்டி ஒன்று. அதைப் பிட்டு எல்லோர் முன்னாலும் வைத்தாள். தேநீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. எசென் கடைசியாக வந்து, யாருக்கும் முகம் கொடுக்காமல் அடுப்புக்கு அருகில் அமர்ந்தான். பெண்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜூரா ரொட்டியைத் தேநீரில் நனைத்தாள். அவள் தோள்கள் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

"நாளைக்கழிச்சு எங்க வீட்லயும் இதுதான்" என்றாள்.

"என் வீட்ல அது நடக்காது" என்றார் பெய்ஷென் கதவோரத்திலிருந்து.

"உங்க வீட்ல என்ன நடக்கும்னு கோழியக் கேட்டுட்டுச் சொல்லுங்க. கோழி எங்க?"

எசென் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கிறானா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. பெய்ஷென் ரொட்டித் துண்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கடித்தார்.

"உப்புக் கொறச்சலா இருக்கு" என்றார்.

"அதுவும் கொறச்சாச்சு அண்ணே" என்றாள் கென்ஜே.

ஜூரா உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தாள். கரி சாம்பலாகும் வரை சூட்டை உடம்பில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெய்ஷென் கையேந்தி வேண்டுதல் சொன்னார். இருந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். வழக்கமாக அவர் சொல்வதில் பாதி கூட இல்லை.

கிளம்பும்போது புட்டியை எடுத்துக் கென்ஜேயின் கையில் வைத்தேன்.

"நாளைக்கு என் முறை. இந்த எண்ணெ என்கிட்ட இருந்தா பொரிக்கத் தோணும், உன்கிட்டயே இருக்கட்டும். நான் வந்து கேட்டாலும் குடுக்காத."

"கேப்பீங்க."

"கேப்பேன். குடுக்காத."

முற்றத்தில் எசென் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். போரிலிருந்து புல்லை உருவிக் கையில் அணைத்துக்கொண்டிருந்தான். அதில் கொஞ்சத்தைத் திரும்பப் போரில் வைத்தான். கொட்டகைக்குள்ளிருந்து கஷ்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"புல் மார்ச் வரைக்கும் வருமாடா?" என்றேன்.

"தெரியலக்கா" என்றான். போரில் திரும்ப வைத்த புல்லையே பார்த்தான், பிறகு அதையும் எடுத்துக்கொண்டான். "இன்னிக்கு இருக்கு. பார்த்துப் போங்க, அந்தப் படி வழுக்கும்."