ஷெரின் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்

1

இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்ட கதை. கிறிஸ்துமஸ்-பொங்கல் மலர் தயாரிக்கும் சிவபாண்டி, மார்கழி பிறந்த அன்று போன் செய்தார். "இழப்புக்குப் பொறவும் நன்றி சொல்லுத மனசு. அதான் சார் விஷயம். உங்கள விட்டா யாரு எழுதுவா?"

என்னை விட்டால் ஏன் ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். மதுரையில் ஒரு மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. பெயர் வைக்கவில்லை. சிவபாண்டிக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் குரலை இறக்கிக்கொண்டு, "அனுபவம் இருக்குல்லா சார், சட்டுனு வந்துரும்," என்றார். பிறகு குரலை ஏற்றிக்கொண்டார். "அழுக வரலாம், தப்பில்ல. ஆனா முடிவு சந்தோசமா இருக்கணும். எதிர்ப்பக்கத்துல நகைக்கடை விளம்பரம் வருது."

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று யோசித்துப் பார்த்தால் —

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். நான் எழுத உட்கார்ந்தபோது பக்கத்து அறையில் என் மனைவி காளீஸ்வரி நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றது. அதனால் கதையைத் தூக்கிக்கொண்டு போய், அரை மணி நேர பஸ் தூரத்தில் ராஜபாளையத்தில் வைத்தேன். மதத்தை மாற்றினேன். பொங்கலைக் கிறிஸ்துமஸ் ஆக்கினேன். காளீஸ்வரி ஷெரின் ஆனாள், நான் எட்வின் ஆனேன். எட்வினுக்கு என்னைவிடத் தலைமுடி அதிகம், சுருட்டை முடி. கற்பனை என்று வந்த பிறகு இதுகூடச் செய்துகொள்ளக் கூடாதா?

2

தொடக்கங்கள்.

"மார்கழிப் பனி ராஜபாளையத்தின் மேல் வெண்பட்டாக —" வேண்டாம். இந்தப் பனி எல்லாப் பண்டிகை மலரிலும் வருஷம் தவறாமல் பெய்கிறது.

"மில் சங்கு ஊதியதும் ஷெரின் —" இதைச் சிவபாண்டிக்கு அனுப்பினேன். "ராஜபாளையம்னா ஒரு நாய் வரணுமே சார்? படம் போட வசதியா இருக்கும்," என்று பதில் வந்தது. நாய் வராது. வாசகர்கள் மன்னிக்கவும்.

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது.

ஷெரின் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஜெயபாய் வந்தார். ஜெயபாய் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. கிளிப்பச்சையில் சிவப்புக் கரை போட்ட சேலை, கையில் கிறிஸ்துமஸ் மர விழாவின் நிகழ்ச்சி நிரல்.

"இந்த வருசம் சாட்சி நேரத்துல நீ ஒரு ரெண்டு நிமிசம் எந்திரிச்சி நிக்கணும்மா ஷெரின்," என்றார். "இம்புட்டுக் கஷ்டத்துலயும் கர்த்தர் என்னயத் தாங்குனாரு, அவருக்கு நன்றின்னு சொன்னாப் போதும். நாலு பேருக்கு ஆறுதலா இருக்கும்லா?"

"எனக்கு அழுக வந்துரும்க்கா."

"வரட்டும்மா. வந்தா இன்னும் நல்லது."

எட்வின் காபி கொண்டுவந்து கொடுத்தான். ஜெயபாய் குடித்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "நாடகத்துல குழந்தை இயேசுவுக்கு உம்புள்ளையத்தான் நெனச்சிருந்தோம். பரவால்ல, பொம்மைய வச்சிச் சமாளிச்சிக்கிடுதோம். நீ அத நெனச்சி ஒண்ணும் சங்கடப்படாத."

3

ஜெயபாய் மேல் எனக்கே ஒரு சந்தேகம். இப்படியும் ஒரு மனுஷி பேசுவாரா? வாசகர் நம்ப வேண்டாமா?

நம்பலாம். என்னிடம் சரக்கு இருக்கிறது. எங்கள் சாதிசனத்தில் ஒரு வீட்டில் துக்கம் நடந்தால் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டைப் பார்த்து ஊரே கொஞ்சம் மெதுவாகப் பேசும். தீபாவளிக்கு முன்னால் என் பெரியம்மா கருத்தம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பச்சப்புள்ளைக்கு ஏதுடா தீட்டு? பேரே வைக்கலியே. தாராளமா தீவாளி கும்பிடலாம்." ஆக எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று ஆகிவிட்டது. முறுக்கு வந்தது. அதிரசம் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆயிரம்வாலாவை எங்கள் வாசல் வரைக்கும் நீட்டிப் போட்டார்கள்.

அதற்கும் முன்னால், பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே, மாமா சீனிச்சாமி அரைக் கிலோ பால்கோவாவோடு வந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எங்கே போனாலும் வெறுங்கையோடு போகத் தெரியாது. துக்க வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகக் கூடாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் இது துக்க வீட்டுக் கணக்கில் வராதே. "பழகிட்டுப் போயிருந்தாத்தான் சங்கடம். இது அப்படியில்லைல்லா," என்றார். காளீஸ்வரிக்கு அப்போது பால் வற்றவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

(பால்கோவா வந்துவிட்டது. சிவபாண்டி படம் போட்டுக்கொள்ளலாம்.)

இவர்களோடு வைத்துப் பார்த்தால் ஜெயபாய் எவ்வளவோ மேல். 'கஷ்டம்' என்ற வார்த்தையாவது அவர் வாயில் வந்தது. அதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஜெயபாய்க்கும் எனக்கும் ஒரே வேலை: ஷெரினை எழுப்பி நிறுத்தி நன்றி சொல்லவைப்பது. அவர் அதைச் சம்பளம் வாங்காமல் செய்கிறார்.

4

ஆலயம். வண்ணத்தாள் தோரணம். மூன்றாவது பெஞ்சில் ஷெரின். மேடையில் பொம்மையை வைக்கோலில் படுக்கப்போட்டு நாடகம் முடிந்துவிட்டது. சாட்சி நேரம். ஜெயபாய் மைக்கோடு நடந்துவருகிறார்.

ஷெரின் எழுந்தாள்.

அடித்துவிட்டேன்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் நன்றி என்று ஷெரின் —

அடித்துவிட்டேன். இந்த முடிவுக்குச் சன்மானம் உண்டு, சபையும் விம்மும். ஆனால் எத்தனை முறை எழுதினாலும் அவள் உட்கார்ந்தே இருக்கிறாள்.

இரண்டாவது முடிவில் மைக்கைப் பிடுங்கி, ஜெயபாயை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தால் அது ஷெரின் அல்ல. பெரியம்மாவை எதிரில் நின்று ஒரு வார்த்தை கேட்க வக்கில்லாத நான், பாவம் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதில் அவளுக்குப் பதிலாக எட்வின் எழுந்தான். "ஆஸ்பத்திரி கேன்டீன்ல டீ நல்லா இருந்துச்சி. அதுக்கு நன்றி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சபை பழக்க தோஷத்தில் ஆமென் என்றது. மூன்றில் இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ நிஜமாகவே நன்றாக இருந்தது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் 'நன்றி' என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண மண்டப வாசலில் எழுதியிருக்கும், ஊர் எல்லைப் பலகையில் எழுதியிருக்கும். வாயால் சொன்னால் கோபித்துக்கொண்டதாக அர்த்தம். புழக்கத்தில் இல்லாத ஒரு சொல்லை வைத்து ஒரு முழுக் கதை கேட்கிறார் சிவபாண்டி.

5

நான் குளிக்கப் போயிருந்தபோது காளீஸ்வரி தாள்களை எடுத்துப் படித்துவிட்டாள்.

"நான் எப்போ கிறிஸ்டியன் ஆனேன்?" என்றாள்.

"அது கதைம்மா."

"கதைதான். ஜெயபாயம்மா என்ன சேல கட்டியிருக்குன்னு எழுதியிருக்கீக. எட்வினுக்குச் சுருட்ட முடின்னு எழுதியிருக்கீக. புள்ள எங்க?"

"புள்ள இறந்துபோச்சின்னு முதல்லயே…"

"செத்தத எழுதியிருக்கீக. பொறந்தது எங்க?"

தாள்களை என் மடியில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வைக்கோல் எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு வரி இல்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். "அவளுடைய கண்கள் —"

தெரியவில்லை. மருந்துச் சீட்டோடு மாடிக்கும் கீழுக்கும் ஓடிய நேரம் போக, உள்ளே விட்டபோதெல்லாம் நான் பார்த்தது மானிட்டரை. அதில் ஓடிய பச்சைக் கோடு எனக்கு இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

6

இனி வருவதை நான் கற்பனை செய்யவில்லை. அதற்கான திறமை எனக்கு இல்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு சத்தம். "ஏட்டி காளி! புள்ளையக் கொண்டாட்டி, கையக் கழுவிட்டேன்!"

பாண்டிசெல்வி. வன்னியம்பட்டிக்காரி. காளீஸ்வரியோடு ஒரே நைட்டி கம்பெனியில் தைத்தவள். வளைகாப்புக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வைகாசியில் திருப்பூருக்குப் போனவள். போனையும் தொலைத்து நம்பரையும் மாற்றியிருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. லீவில் வந்தவள், பிள்ளை பார்க்க வந்துவிட்டாள். தெருக்குழாயில் கழுவிய ஈரக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் ஓடிப்போய்க் கையைக் காலை ஆட்டினேன்.

"என்ன சார், புள்ள தூங்குதா?" என்று குரலைத் தணித்தாள்.

"இல்ல."

"முழிச்சிருக்கா?"

"இல்ல."

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவுதான் வந்தது. காளீஸ்வரி வெளியே வந்து, "ஆவணியிலயே போயிட்டா, செல்வி," என்றாள்.

பாண்டிசெல்வி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லலியேட்டி பாவி," என்று சத்தம் போட்டு அழுதாள். தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒருவர் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"பொட்டப்புள்ளையா?"

"ஆமா."

"யாரு சாடை?"

(பாண்டிசெல்விக்கு ஞானி வேஷம் கட்ட வேண்டாம். கம்பெனியில் இவளைப் போல் வம்பு பேசுகிறவள் கிடையாது. பிள்ளை பார்க்கப் போனால் யார் ஜாடை என்று கேட்டாக வேண்டும். வந்த வேலையை முடிக்காமல் அவளால் போக முடியவில்லை, அவ்வளவுதான்.)

நான் பயந்துபோய்க் காளீஸ்வரியைப் பார்த்தேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பாண்டிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூக்கு எங்கம்மா மூக்கு. காது இவுக காது, மேல லேசா மடிஞ்சிருக்கும். வெரல் மட்டும் நீளம், யாரு வெரல்னு தெரியல. கோவம் இவுக பெரியம்மா. ஊசி போட வந்த நர்ச ஒரு பார்வ பாத்தா பாரு…"

"கருத்தம்மா பெரியம்மாவா! வெளங்கும்!" என்றாள் பாண்டிசெல்வி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். காளீஸ்வரி சிரித்துக்கொண்டே அழுதாள். என் காது மேலே மடிந்திருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். இத்தனை மாதத்தில் நானும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது பாண்டிசெல்வி பைக்குள்ளிருந்து, பிள்ளைக்குப் போட வாங்கிவந்த கருவளையலை எடுத்து, "இத என்னட்டி செய்ய?" என்றாள். "குடு," என்று வாங்கிக் காளீஸ்வரி தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு போட்டுக்கொண்டாள்.

"அப்ப வாரேன்."

"எங்க போற? செத்த நேரம் இரு. ரசந்தான் இருக்கு, ஒரு அப்பளம் பொரிக்கேன். சாப்பிட்டுட்டுப் போ."

பெரியம்மாவையும் மாமாவையும் அவள் இப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை. பாண்டிசெல்வி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

7

சிவபாண்டி போன் செய்தார். "முடிவு வரலியே சார்?"

"நன்றி வந்துருச்சி," என்றேன்.

"எங்க சார்? தேடிட்டேன், ஷெரின் வாயில அந்த வார்த்தையே வரலியே."

அப்பளத்தைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்ல?

ஷெரின் இன்னும் மூன்றாவது பெஞ்சில்தான் இருக்கிறாள். ஜெயபாய் மைக்கோடு இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார். பாண்டிசெல்வியை ஷெரின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கலாம் என்று பார்த்தேன். அவள் பொங்கல் வரை ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிள்ளை பார்க்க வேண்டியிருக்கிறது. எட்வின் உதவ மாட்டான். அவனை நான்தான் எழுதினேன். அவன் மானிட்டரைப் பார்த்தவன்.

ஆகவே நீங்கள்தான். அவள் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறேன். மைக் வருவதற்குள், அவள் காதருகில் குனிந்து ஒரு கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் சொல்வதை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம், சிவபாண்டிக்கும் சொல்ல வேண்டாம்.

விழா முடிந்து வீட்டுக்கு வரச் சொன்னால் போங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.